குறி காட்டியது 18, பிஸ்டன் காட்டியது 11

டீசல் பீய்ச்சும் பம்பைக் கழற்றி வேலை பார்த்து மாட்டிய பிறகு ஒரு டீசல் என்ஜின் இழுக்கவில்லை, புகைகிறது என்றால் பழி நேராகப் பம்பின் தலையில்தான் விழும். இங்கே எழுதப் போகும் என்ஜினிலும் அப்படித்தான் நடந்தது. பம்ப் இரண்டு முறை டெஸ்ட் பெஞ்சுக்குப் போய் வந்தது. இரண்டு முறையும் அதில் குறை இல்லை. டைமிங்கைப் பார்த்தால், அதாவது பிஸ்டன் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்குகிறது என்று பார்த்தால், அதுவும் புல்லியில் உள்ள குறிப்படி பிசகாமல் 18 டிகிரியில் இருந்தது. என்ஜின் மட்டும் டைமிங் பிந்திய என்ஜினைப் போலவே நடந்துகொண்டது. கடைசியில் பார்த்தால் டைமிங் பிந்தியிருந்தது உண்மை, குறிதான் பொய். அதைப் பிடித்த வழியை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒன்று இன்னொருவர் கையில் சிக்கினால் அவருக்கு ஒரு வாரமாவது மிச்சமாகட்டும்.

என்ஜினும் புகாரும்

நான்கு சிலிண்டர், டர்போ இல்லாதது, சிலிண்டருக்குள் நேரடியாக டீசல் பீய்ச்சும் வகை. ஜெனரேட்டரோடு இணைந்து 1500 ஆர்பிஎம்மில் ஒரே வேகத்தில் ஓடுவது. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120 மி.மீ., கனெக்டிங் ராட் நீளம் 210 மி.மீ., ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. கியரில் ஓடும் இன்லைன் பம்ப், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு எலிமெண்டுகள் (டீசலைத் தள்ளும் சிறு உருளையும் அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரும்) வரிசையாக இருப்பது. அதன் ஃபிளேஞ்சில் நீள்துளைகள் இருக்கும். நட்டைத் தளர்த்தி, பம்பை உடம்போடு இப்படியும் அப்படியும் சாய்த்துத்தான் டைமிங் வைக்க வேண்டும். வேகம் மாறாத என்ஜின் என்பதால் வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னே தள்ளும் அட்வான்ஸ் யூனிட் கிடையாது. கையேட்டில் இருக்கும் அளவு ஒன்றே ஒன்றுதான்: பிஸ்டன் உச்சிக்கு, அதாவது டிடிசிக்கு, 18 டிகிரி முன்னால்.

பம்பைக் கழற்றிய காரணம் வேறு. என்ஜின் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை. எலிமெண்டுகள் தேய்ந்து, டீசல் கீழே கசிந்து, பம்ப் வழியாக ஆயிலில் கலந்துகொண்டிருந்தது. எலிமெண்டுகளை மாற்றி, அளவு சரிபார்த்து, சுத்தமாகப் பெயிண்ட் அடித்துப் பம்ப் திரும்பி வந்தது. அந்தப் பெயிண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாட்டிய நாளிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் நீண்ட நேரம் அடித்தால்தான் பிடிக்கும். பிடித்தவுடன் வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும். பத்து நிமிடம் போனால் தெளிந்துவிடும். முக்கால் சுமைக்கு மேல் போட்டால் கறுப்புப் புகை, வேகம் தொய்வு, தண்ணீர் சூடு வழக்கத்தைவிட அதிகம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போனாலே அனல் அடித்தது.

ஓட்டுநர் அண்ணன் அந்த என்ஜினோடு பல வருடம் இருந்தவர். அவர் சொன்ன ஒரு வரியை நான் அன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன். "சத்தம் மெத்துனு ஆயிடுச்சு சார். முன்னாடி கணீர்னு அடிக்கும். இப்ப போர்வைக்குள்ள ஓடுற மாதிரி இருக்கு." பம்ப் மாட்டிய தம்பியிடமும் இதையே சொல்லியிருக்கிறார். சத்தம் குறைந்தால் நல்லதுதானே என்று தம்பி விட்டுவிட்டார். நல்லதில்லை. டீசல் என்ஜினில் அந்தக் கணீர் சத்தம் பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது டீசல் சட்டென்று பற்றிக்கொள்வதால் வருவது. அது மழுங்கினால், பற்றுவது பிந்துகிறதோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். கம்ப்ரஷன் போன என்ஜினும் டைமிங் முந்திய என்ஜினும்கூட வெள்ளையாகப் புகைக்கலாம். ஆனால் டைமிங் முந்தினால் சத்தம் மெத்தென்று ஆகாது, சுத்தியால் அடிப்பது போலத்தான் வரும்.

முதலில் பார்த்தவை

வழக்கமான சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் புதிது. ஏர் இல்லை, ரிட்டர்ன் லைனில் குமிழி வரவில்லை. நான்கு நாசில்களும் சரியான அழுத்தத்தில் திறந்து, பனி மாதிரி தூவின, சொட்டவில்லை. டேப்பெட் இடைவெளி சரி. கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. பம்ப் பெஞ்ச் அறிக்கையில் நான்கு எலிமெண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி இடைவெளியில் அரை டிகிரிக்குள் நின்றன. பீய்ச்சும் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மிஞ்சியது டைமிங். தம்பி அதை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்துவிட்டார். இருந்தாலும் மூன்றாவது முறை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஒத்துழைத்தார்.

ஸ்பில் பார்த்தது

இன்லைன் பம்பில் டைமிங் பார்க்கும் பழைய முறை, இன்றும் நம்பகமான முறை, ஸ்பில். பம்புக்குள் பிளஞ்சர் மேலே ஏறும்போது ஒரு கட்டத்தில் டீசல் உள்ளே வரும் துளையை மூடும். மூடிய நொடியிலிருந்துதான் அழுத்தம் ஏற ஆரம்பிக்கும். கையேட்டில் எழுதியிருக்கும் 18 டிகிரி இந்தத் துளை மூடும் புள்ளிதான், நாசிலில் டீசல் தெறிக்கும் புள்ளி அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் சிலிண்டரின் ஹை பிரஷர் பைப்பைக் கழற்றினோம். டெலிவரி வால்வு ஹோல்டரைத் திறந்து, ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்துச் சுத்தமான டீசல் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்பப் போட்டோம். வால்வும் அதன் சீட்டும் ஜோடி. வேறு எலிமெண்டின் வால்வோடு மாறிவிடக் கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது, நூல் ஒட்டிக்கொள்ளும். ஹோல்டரின் மேல் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த சிறு குழாயை மாட்டி, ஸ்டாப் லீவரைத் தளர்த்தி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியான ராக்கை முழு டீசல் நிலையில் வைத்தோம். கவனம், ஸ்டார்ட்டிங்குக்கென்று கூடுதல் டீசல் தரும் நிலைக்கு அது தாவிவிடக் கூடாது. சில பிளஞ்சர்களில் அந்த நிலைக்குத் தனி வெட்டு இருக்கும், அளவு வேறாக வரும்.

கையால் டீசலை ஏற்றும் சிறு பம்பான பிரைமரை அடித்ததும் வளைந்த குழாயிலிருந்து டீசல் ஒழுகியது. இப்போது என்ஜினை ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒழுக்கு நூலாக வரும், பிறகு நூல் அறுந்து துளியாகும், துளிகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஒரு துளி விளிம்பில் தொங்கி, உப்பி, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நிற்கும். அங்கே நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் வந்து அப்படியே நின்றுவிடக் கூடாது. நன்றாகப் பின்னால் போய், மறுபடி ஓடும் திசையில் வர வேண்டும். இல்லையென்றால் கியர் பற்களுக்கு நடுவே உள்ள லூஸ் உங்கள் அளவுக்குள் புகுந்துவிடும்.

துளி நின்றது. புல்லியைப் பார்த்தேன். அதன் எதிரே என்ஜினில் நிலையாக நிற்கும் காட்டி முள் சரியாக 18இல். பின்னால் போய் இன்னும் இரண்டு முறை வந்தோம். மறுபடியும் 18, மறுபடியும் 18.

"பாத்தீங்களா சார்" என்றார் தம்பி. அவர் வேலையில் குற்றமே இல்லை.

அடையாளமும் குறியும் முரண்பட்டபோது

இந்த இடத்தில்தான் நான் சிறிது நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தேன். என்ஜினின் அடையாளங்கள் எல்லாம் பிந்திய டைமிங் என்கின்றன. அளவோ சரி என்கிறது. இரண்டில் எதை நம்புவது?

முதலில் தோன்றிய சந்தேகம், பம்ப் கியர் ஒரு பல் தள்ளி விழுந்திருக்குமோ என்பது. யோசித்துப் பார்த்தால் அது நிற்காது. ஸ்பில் முறை பிஸ்டன்கள் சுழற்றும் அச்சான கிராங்கிலிருந்து பிளஞ்சர் வரைக்கும் உள்ள மொத்தச் சங்கிலியையும் ஒரே அளவாகப் பார்க்கிறது. கியர் பல் தள்ளியிருந்தாலும், பம்ப் கேம் தேய்ந்திருந்தாலும், பம்ப் சாய்ந்திருந்தாலும், எல்லாம் அந்தத் துளி நிற்கும் இடத்தில் தெரிந்துவிடும். 50 பல் கியரில் ஒரு பல் என்றால் பம்பில் 7.2 டிகிரி, கிராங்கில் 14.4 டிகிரி. அவ்வளவு பெரிய பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. அப்படியானால் ஸ்பில்லால் பார்க்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். எந்த அளவுகோலை வைத்து அளக்கிறோமோ, அந்த அளவுகோல். புல்லியில் வெட்டியிருக்கும் அந்தப் பூஜ்யம் உண்மையிலேயே பிஸ்டனின் உச்சிதானா என்று அதுவரை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

இந்த என்ஜினின் ஃப்ளைவீலில் குறி எதுவும் இல்லை. டிடிசி குறி, டிகிரி கோடுகள் எல்லாம் முன்பக்கப் புல்லியின் வெளி வளையத்தில்தான். அந்தப் புல்லி ஒரே இரும்புத் துண்டு அல்ல. நடுவில் கிராங்கோடு போல்ட்டில் இறுகியிருக்கும் ஒரு ஹப், அதைச் சுற்றி ரப்பர், ரப்பருக்கு வெளியே கனமான வளையம். கிராங்க் முறுக்கி அதிர்வதை அடக்குவதற்கான டேம்பர் அது. பெல்ட் ஓடுவதும் குறி இருப்பதும் அந்த வெளி வளையத்தில். ரப்பர் பிடிப்பு விட்டால் வளையம் நழுவும், குறியும் கூடவே நழுவும்.

டார்ச் அடித்துப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ரப்பரின் விளிம்பு ஒரு பக்கம் பிதுங்கி, மறுபக்கம் உள்வாங்கி இருந்தது. இடுக்கில் விரல் வைத்துத் தடவினால் கறுப்பு மாவு ஒட்டியது. இது சந்தேகத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது. பிஸ்டனையே கேட்க வேண்டும்.

உச்சியைக் கண்டுபிடித்தது

பிஸ்டன் உச்சியை நேரடியாகத் தேடினால் கிடைக்காது. நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜின் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உச்சி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உச்சிக்குப் பக்கத்தில் கிராங்க் திரும்பினாலும் பிஸ்டன் கிட்டத்தட்ட அசையாது. இந்த என்ஜினின் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், உச்சியிலிருந்து 1 டிகிரி தள்ளினால் பிஸ்டன் இறங்குவது வெறும் 0.012 மி.மீ. 5 டிகிரி தள்ளினாலும் 0.29 மி.மீ.தான். ஆனால் 18 டிகிரிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 மி.மீ. நகரும். அதனால் உச்சியில் அளக்காமல், அதன் இரு பக்கமும் பிஸ்டன் நன்றாக நகரும் இடத்தில் ஒரே உயரத்தைப் பிடித்து, இரண்டுக்கும் நடுவை எடுக்க வேண்டும்.

நாசில் துளை சாய்வாக இருந்ததால் அதன் வழியே அளக்க வசதிப்படவில்லை. வால்வை இறக்கி அளந்தோம். முதல் சிலிண்டர் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்தோம். அப்போது நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் ஆட்டத்தில் இருக்கும், அதுதான் அடையாளம். பிஸ்டன் உச்சியில் இருப்பதால், முதல் சிலிண்டரின் இன்லெட் வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வு பிஸ்டன் தலையில் போய் உட்காரும். கழற்றும் முன்பே வால்வுத் தண்டின் மேல் நுனியில் ஒரு ரப்பர் வளையத்தை இறுக்கமாக மாட்டிவிடுங்கள். பிஸ்டன் கீழே போய் வால்வு கைநழுவி உள்ளே விழுந்தால், டைமிங் பார்க்க வந்தவர்கள் ஹெட்டைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதன் பிறகு என்ஜினை முழுச் சுற்றுத் திருப்பவே கூடாது. உச்சிக்கு இரு பக்கமும் 40 டிகிரிக்குள்தான் ஆட்டம். செல்ஃப் பக்கம் யாருடைய கையும் போகாதபடி பேட்டரி ஒயரையும் கழற்றினோம்.

டயல் கேஜை வால்வுத் தண்டின் தலையில் வைத்து, மிக உயர்ந்த இடத்தில் பூஜ்யம் வைத்தோம். புல்லியின் விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டினோம். விட்டம் 230 மி.மீ. என்பதால் சுற்றளவில் ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட சரியாக 2 மி.மீ. வருகிறது. ஸ்கேல் போதும், கணக்கு எளிது.

பின்னால் போய், ஓடும் திசையில் வந்து, கேஜ் 2.00 மி.மீ. காட்டிய இடத்தில் முள்ளுக்கு நேராக டேப்பில் ஒரு கோடு. அப்படியே உச்சியைத் தாண்டி, வால்வுத் தண்டை விரலால் மெல்ல அழுத்தியபடி, மறுபக்கம் 2.00 மி.மீ. இறங்கிய இடத்தில் இன்னொரு கோடு. விரலால் அழுத்தாவிட்டால் வால்வு கைடில் ஒட்டிக்கொண்டு பிஸ்டனோடு இறங்காமல் ஏமாற்றும். இரண்டு கோட்டுக்கும் இடையே 52 மி.மீ. சொச்சம், அதாவது 26 டிகிரி. ஒவ்வொரு பக்கமும் 13. கணக்கும் அதையேதான் சொல்கிறது: இந்த ஸ்ட்ரோக்குக்கும் ராடுக்கும் 13 டிகிரியில் இறக்கம் 1.97 மி.மீ. அளவு எடுத்த விதம் சரி என்று அப்போதே நிம்மதி வந்தது.

நடுவில் கோடு போட்டோம். அதுதான் உண்மையான உச்சி. பழைய பூஜ்யக் குறி அதிலிருந்து 14 மி.மீ. தள்ளி நின்றது. 7 டிகிரி.

தம்பி ஸ்கேலை வாங்கி அவரே ஒரு முறை அளந்தார். பிறகு எதுவும் பேசவில்லை.

இன்னொரு வழியிலும் உறுதி செய்துகொண்டோம். டயல் கேஜ் அப்படியே இருக்க, ஸ்பில்லை மறுபடி ஓடவிட்டுத் துளி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்தோம். அது உண்மையிலேயே 18 டிகிரி என்றால் பிஸ்டன் உச்சியிலிருந்து 3.75 மி.மீ. கீழே இருக்க வேண்டும். கேஜ் காட்டியது 1.4 மி.மீ. கணக்கில் அது 11 டிகிரிக்கு உரிய இறக்கம். இந்த இரண்டாவது அளவில் புல்லிக்கு வேலையே இல்லை, பிஸ்டனும் பிளஞ்சரும் மட்டும்தான். அதனால் இனி வாதாட ஒன்றுமில்லை.

ஏன் முன்பு தெரியவில்லை, ஏன் இந்தப் பக்கம் நழுவியது

ஓட்டுநர் அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது. "பம்ப் கழட்டுற வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?" ஆமாம். வளையம் எப்போதோ நழுவிவிட்டது. ஆனால் என்ஜின் குறியைப் பார்த்து ஓடுவதில்லை. பம்ப் அதன் பழைய இடத்தில், உண்மையான 18இல் இருந்தவரை குறி எங்கே இருந்தாலும் கவலையில்லை. கழற்றும்போது பம்ப் ஃபிளேஞ்சிலும் டைமிங் கவரிலும் சேர்ந்தாற்போல் ஒரு பொருத்தக் கோடு இருந்தது. பம்பைக் கழுவிப் பெயிண்ட் அடித்ததில் ஃபிளேஞ்ச் பக்கத்துக் கோடு மறைந்துபோனது. கவர் பக்கத்துக் கோடு மட்டும் தனியாக நின்றது. வேறு வழியில்லாமல் தம்பி புல்லிக் குறியை நம்பி வைத்தார். கையேடு சொன்னபடிதான் செய்தார். பொய்யான குறியைப் பின்பற்றியதால் சரியாக இருந்த டைமிங் தவறானது.

நழுவிய திசையும் தற்செயல் அல்ல. வெளி வளையத்தைப் பெல்ட் எப்போதும் பின்னால் இழுக்கிறது. ஃபேன், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றின் பாரமும் அதன் மேல்தான். ரப்பர் தளர்ந்தால் வளையம் ஹப்புக்குப் பின்தங்கும். பின்தங்கிய பூஜ்யம் முள்ளுக்கு வரும்போது கிராங்க் ஏற்கெனவே உச்சியைத் தாண்டியிருக்கும். அந்தக் குறியை வைத்துப் பம்பை வைத்தால் டைமிங் பிந்தும். அதனால், இப்படிப்பட்ட புல்லி உள்ள என்ஜினில் பம்ப் வேலைக்குப் பிறகு பிந்திய அடையாளங்கள் தெரிந்தால் புல்லியை முதல் வரிசையிலேயே சந்தேகப்படலாம் என்பது என் எண்ணம்.

7 டிகிரி அவ்வளவு பெரியதா

கேட்டால் சிறிதாகத்தான் தெரியும். நேரமாக மாற்றிப் பாருங்கள். 1500 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 9000 டிகிரி திரும்புகிறது. 7 டிகிரி என்பது 0.78 மில்லி நொடி.

இப்போது டீசலின் பயணத்தைப் பின்தொடருங்கள். பிளஞ்சர் துளையை மூடியதும் அழுத்த அலை பைப்பில் கிளம்புகிறது. டீசலுக்குள் அந்த அலையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1300 முதல் 1400 மீட்டர். இந்த என்ஜினின் பைப் 600 மி.மீ. நீளம். அதைக் கடக்க 0.45 மில்லி நொடி, அதாவது 4 டிகிரி. நான்கு பைப்பையும் ஒரே நீளத்தில் வைத்து, தேவைக்கு மேல் வளைத்துச் சுற்றியிருப்பதற்குக் காரணம் இதுதான். சுருக்கமாக இருக்கட்டும் என்று ஒன்றை மட்டும் வெட்டிக் குட்டையாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆக, துளை 18இல் மூடினால் நாசிலில் டீசல் தெறிப்பது சுமார் 14இல். தெறித்தவுடன் பற்றாது. சூடான காற்றோடு கலந்து, ஆவியாகி, பற்றுவதற்குச் சுமார் ஒரு மில்லி நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால் அது 9 டிகிரி. அப்போது தீ பிடிப்பது உச்சிக்கு 5 டிகிரி முன்னால். அழுத்தம் ஏறி, பிஸ்டன் உச்சியைத் தாண்டிய பிறகு அதன் முழு பலத்தோடு கீழே தள்ளும். அதுதான் வேண்டும்.

துளை 11இல் மூடினால்? தெறிப்பது 7இல், பற்றுவது உச்சிக்கு 2 டிகிரி பின்னால். பிஸ்டன் இறங்க ஆரம்பித்துவிட்டது, இடம் விரிகிறது, தீ அதைத் துரத்திக்கொண்டு எரிகிறது. கடைசியாக விழும் டீசலுக்கு எரிந்து முடிக்க நேரமில்லை. சுமை ஏற ஏறக் கறுப்புப் புகை வந்தது அதனால். பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்டிலும் தண்ணீரிலும் போய்ச் சேர்ந்ததால் மேனிஃபோல்டு அனலடித்தது, தண்ணீர் சூடானது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பற்றும் நேரம் இன்னும் நீளும். அப்போது டீசல் பற்றுவதற்குள் சிலிண்டர் விரிந்து, காற்று ஆறி, பாதி டீசல் எரியாமலேயே ஆவியாக வெளியே போகும். கண்ணைக் கரித்த வெள்ளைப் புகை அதுதான். புகாரில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் இந்த 7 டிகிரிக்குள் பதில் இருந்தது.

திருத்தியது

முதலில் நிரந்தரமான ஒரு குறி தேவைப்பட்டது. வெள்ளை டேப்பில் உண்மையான உச்சிக் கோட்டிலிருந்து, முள்ளிடம் முன்னதாக வந்துசேரும் பக்கம், 36 மி.மீ. அளந்து 18 டிகிரிக் கோடு போட்டோம். ஓடும் திசையில் வந்து அங்கே நிறுத்தியபோது கேஜ் 3.7 மி.மீ.க்கும் கொஞ்சம் அதிகமாகக் காட்டியது. சரி. அப்போது ஃப்ளைவீல் ஹவுசிங்கில் உள்ள சிறு ஜன்னலைத் திறந்து, ஹவுசிங் விளிம்புக்கு நேராக ஃப்ளைவீலில் கூர் உளியால் ஒரு கோடு இழுத்தோம். உச்சியிலும் இன்னொன்று. ஃப்ளைவீல் விட்டம் 360 மி.மீ., அதில் ஒரு டிகிரி 3.14 மி.மீ. என்பதால் புல்லியைவிடக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதில் ரப்பர் இல்லை. கிராங்கோடு போல்ட்டில் இறுகியது, நழுவ வழியில்லை.

என்ஜின் உண்மையான 18இல் நிற்க, பம்ப் நட்டுகளைத் தளர்த்தினோம். அதற்கு முன் மற்ற மூன்று ஹை பிரஷர் பைப்புகளின் நட்டையும் இரு முனையிலும் தளர்த்திவிட வேண்டும். பைப் இறுகியிருக்கப் பம்பைச் சாய்த்தால் பைப் முறுகி, பிற்பாடு ஒரு நாள் விரிசல் விடும். பிரைமரை அடித்ததும் டீசல் தாராளமாக ஒழுகியது. துளை இன்னும் திறந்திருக்கிறது, அதாவது பம்ப் பிந்தியிருக்கிறது என்று அர்த்தம். பம்ப் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் பம்பை மெல்லச் சாய்த்தோம். எதிரே சாய்த்தால் கேம் முன்னதாகவே டேப்பெட்டைத் தூக்கும், டைமிங் முந்தும். சுற்றும் திசையிலேயே சாய்த்தால் பிந்தும். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எதிரே போகிறவர்தான் வருகிறவரைச் சீக்கிரம் சந்திப்பார்.

ஒழுக்கு நூலாகி, அறுந்து, துளியாகி நின்றது. நட்டுகளை இறுக்கினோம். பம்ப் நகர்ந்த தூரம் ஃபிளேஞ்ச் போல்ட் வட்டத்தில் மூன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. பம்ப் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கின் 7 டிகிரிக்குப் பம்பில் 3.5 டிகிரி போதும். பம்பில் கொஞ்சம் அசைத்தாலும் கிராங்கில் அது இரட்டிப்பாகும். "கொஞ்சம் இப்படித் தட்டிப் பார்ப்போம்" என்று ஊகத்தில் வைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

நட்டு இறுகும்போது பம்ப் லேசாக நகரும். அதனால் இறுக்கிய பிறகு பின்னால் போய், மறுபடி ஓடும் திசையில் வந்து, ஸ்பில்லை இன்னொரு முறை பார்த்தோம். ஃப்ளைவீல் கோடு விளிம்பைத் தொடவும் துளி நிற்கவும் சரியாக இருந்தது. டெலிவரி வால்வை அதே சீட்டில் போட்டு, புது வாஷர் வைத்து, ஹோல்டரை டார்க் ரென்ச்சால் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கினோம். அளவு மீறி இறுக்கினால் கீழே உள்ள பேரல் நெளிந்து பிளஞ்சர் இறுகும். வால்வு ஸ்பிரிங்கைப் போட்டு, டேப்பெட் இடைவெளி வைத்து, ஏர் எடுத்தோம். ஃபிளேஞ்சிலும் கவரிலும் சேர்த்துப் புதிய பொருத்தக் கோடு ஒன்றை உளியால் வெட்டினோம், பெயிண்டால் மறையாத ஆழத்தில்.

செல்ஃப் இரண்டு சுற்றுகூட முழுதாக அடிக்கவில்லை, பிடித்துக்கொண்டது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இதான் சார், இதான் அந்தச் சத்தம்." முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடியது. வேகம் தொய்யவில்லை, புகை மெல்லிய சாம்பல் நிறத்துக்கு மேல் போகவில்லை, தண்ணீர் சூடு பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆனால் சூடான என்ஜினில் பார்த்த முடிவைப் பாதி முடிவாகத்தான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, புகைக் குழாய் எதிரே நின்று பார்த்த பிறகே நோட்டில் சரி என்று எழுதினேன்.

காதால் வைப்பது பற்றியும் ரோட்டரி பம்ப் பற்றியும்

பழைய மெக்கானிக்குகள் சிலர் இதைப் படித்துவிட்டு, காதால் வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காதே என்பார்கள். அதில் உண்மை உண்டு. இந்த என்ஜினில் அண்ணனின் காது புல்லியைவிடச் சரியாகச் சொன்னது. ஆனால் காது ஏதோ தவறு என்று சொல்வதற்கு நல்லது, அளவு வைப்பதற்கு நல்லதல்ல. கணீர் சத்தம் கேட்கும்வரை பம்பைச் சாய்த்தால் பெரும்பாலும் தேவைக்கு மேல் முந்திவிடும். காற்று போதிய அளவு சூடேறும் முன்பே டீசல் விழுந்து, பற்றத் தாமதமாகி, அதற்குள் சேர்ந்த டீசல் எல்லாம் ஒரே மூச்சில் வெடிக்கும். ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கும், இழுவையும் கூடியது போலத் தோன்றும். கூடவே உள்ளே உச்ச அழுத்தம் எகிறி, பேரிங்கும் ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டன் ரிங் பள்ளங்களும் அதன் அடியை வாங்கும். பிந்திய டைமிங் புகையாகவாவது வெளியே சொல்லும். முந்திய டைமிங் உள்ளே உடைக்கும் வரை நல்ல பிள்ளையாக இருக்கும்.

போஷ் நிறுவனம் இன்லைன் பம்பைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்தது 1927இல். அதற்கு முன்பு 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினில் டீசலை உள்ளே தள்ளியது அழுத்திய காற்று. பம்ப் வந்த பிறகுதான் பீய்ச்சும் நொடியை இவ்வளவு நுணுக்கமாக வைக்க முடிந்தது. பிறகு வந்த விஇ வகை ரோட்டரி பம்பில், அதாவது ஒரே பிளஞ்சர் சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பகிர்வதில், ஸ்பில் பார்ப்பதில்லை. பம்பின் தலை நடுவில் உள்ள பிளக்கைக் கழற்றி டயல் கேஜ் மாட்டி, பிளஞ்சர் அடியில் அசையாமல் நிற்கும் இடத்தில் பூஜ்யம் வைத்து, என்ஜினை டிடிசிக்குக் கொண்டுவந்து, பிளஞ்சர் எத்தனை மி.மீ. எழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல என்ஜின்களில் அது 1 மி.மீ.க்கு அக்கம்பக்கம். குளிர் ஸ்டார்ட் லீவர் இழுபட்டிருந்தால் முதலில் அதை விடுவிக்க வேண்டும். அங்கேயும் எல்லாமே டிடிசி என்ற ஒரு புள்ளியில்தான் தொங்குகிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை கேஜ் பார்த்து வைப்பார்கள். எந்தக் குறியை டிடிசி என்று எடுத்துக்கொண்டோம் என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

புல்லியை அன்றே மாற்ற முடியவில்லை. புதியது வரும்வரை பழையதில் ஹப், ரப்பர், வளையம் மூன்றின் மேலும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு அடித்துவிட்டு வந்தேன். நழுவல் நின்றதா, தொடர்கிறதா என்று தெரிய வேண்டும். ஒன்பதாம் நாள் புதிய புல்லியோடு போனபோது அந்தக் கோடு இரண்டு துண்டாகியிருந்தது. ஹப்பின் மேல் ஒரு பாதி, அதிலிருந்து 3 மி.மீ. பின்தங்கி வளையத்தின் மேல் மறுபாதி. புதிய புல்லியை மாட்டி, ஃப்ளைவீலின் உச்சிக் கோட்டை ஜன்னல் விளிம்புக்குக் கொண்டுவந்து முன்னால் போய்ப் பார்த்தோம். புல்லியின் பூஜ்யம் முள்ளுக்கு நேராக நின்றது. தம்பி ஒரு பிரஷ் எடுத்து, யாரும் சொல்லாமலேயே, அதிலும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு அடித்தார்.